ரிப்போர்ட் குடுத்து எட்டு மாசம் ஆச்சு, ஒண்ணும் அசையல. ஆய்வு முடிவை எப்படிங்க கொள்கையா மாத்துறது?

மூச்சுமணி:
வணக்கம். ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் இருந்தவ, இப்பதான் முதல் தடவையா இழை தொடங்குறேன், நீளமா போனா பொறுத்துக்கோங்க. பொது சுகாதாரத்துல ஆராய்ச்சி பண்றேன். ரெண்டு வருஷமா பள்ளிக்கூட வாசல்ல காத்துல இருக்கிற நுண்துகளை அளந்தோம், அதே பள்ளிப் பிள்ளைங்களை ஊதச் சொல்லி நுரையீரல் எப்படி இருக்குன்னு பார்த்தோம், ராத்திரில இளைப்பு வருதான்னு பெத்தவங்ககிட்ட கேட்டு எழுதினோம். வண்டிங்க எஞ்சினை அணைக்காம வரிசையா நிக்கிற வாசல்ல காத்தும் மோசம், அங்க படிக்கிற பிள்ளைங்க மூச்சும் மோசம். கட்டுரை நல்ல ஜர்னல்லயே வந்துச்சு. 46 பக்கத்துக்கு ரிப்போர்ட் போட்டு சுகாதாரத் துறைக்கு அனுப்பினோம். மாநாட்டுல பேசினேன், கை தட்டினாங்க, டீ குடிச்சோம், வந்துட்டோம்.

எட்டு மாசத்துல வந்தது ஒரே ஒரு பதில். "தங்கள் அறிக்கை கிடைக்கப்பெற்றது."

கட்டுரை வந்ததோட நம்ம வேலை முடிஞ்சுதுன்னு என் கைடு சொல்றார். ஆனா நான் அளந்த அதே வாசல் வழியாதான் தினமும் போறேன், அதே வண்டிங்க அதே இடத்துல உறுமிகிட்டு நிக்குது. இதுக்கு மேல என்ன பண்ணணும்னு யாராவது அனுபவத்துல இருந்து சொல்லுங்களேன்.

வெட்டிப்பேச்சு:
"கிடைக்கப்பெற்றது"ன்னு பதில் வந்துச்சா? அப்ப நீங்க அதிர்ஷ்டக்காரங்க. எங்க ரிப்போர்ட் கதவு சாத்தாம இருக்க முட்டுக்கொடுக்குறதுக்கு பயன்படுதுன்னு கேள்விப்பட்டேன்.

எண்பிரியன்:
நான் புள்ளியியல் ஆளு, கொஞ்சம் கசப்பாதான் சொல்லுவேன். உங்க கைடு சொல்றது சரி. ஆராய்ச்சி பண்றவன் கொடி பிடிச்சா அடுத்த தடவை அவன் எண்ணை எவனும் நம்ப மாட்டான், இவன் முடிவை முன்னாடியே வச்சுகிட்டு தேடுறான்னு சொல்லுவான், அப்படிச் சொன்னா தப்பும் சொல்ல முடியாது. அமெரிக்காவுல துப்பாக்கிக் காயங்களைப் பத்தின ஆய்வுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. வீட்டுல துப்பாக்கி வச்சிருக்கிறது ஆபத்துன்னு 1993-ல ஒரு கட்டுரை வந்துச்சு, ஆராய்ச்சிங்கிற பேர்ல துப்பாக்கிக்கு எதிரா பிரச்சாரம் பண்றாங்கன்னு கூச்சல் கிளம்புச்சு, 1996-ல நாடாளுமன்றம் நோய்க்கட்டுப்பாட்டு மையத்தோட பட்ஜெட்ல 26 லட்சம் டாலரை வெட்டுச்சு. முந்தின வருஷம் அந்த ஆய்வுக்கு செலவான தொகை சரியா அதேதான். கூடவே, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்க இந்தப் பணத்தை பயன்படுத்தக் கூடாதுன்னு ஒரு வரி. அந்த வரி ஆய்வையே தடை பண்ணலை, ஆனா பயந்து போய் எல்லாரும் அந்தப் பக்கமே போகலை. மறுபடி பணம் வந்தது 2020 பட்ஜெட்லதான். இருபது வருஷத்துக்கு மேல ஒரு துறையே காலி. கொடி பிடிக்கிறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

தெருவிளக்கு:
எண்பிரியன் அண்ணே, நீங்க சொன்ன கதையிலயே கொடி பிடிச்சது யாருன்னு பாருங்க. ஆய்வாளர் கட்டுரை எழுதினார், கொடி பிடிச்சது எதிர்த்தரப்பு. நாம சும்மா இருந்தா அவங்களும் சும்மா இருப்பாங்கன்னு யார் சொன்னது?

சும்மா இருந்ததுக்கு விலை என்னன்னு நான் ஒண்ணு சொல்றேன். பச்சைக் குழந்தையை குப்புறப் படுக்க வச்சா தூக்கத்துலயே திடீர்னு செத்துப்போற ஆபத்து அதிகம்னு காட்டுற தரவு 1970 வாக்குலயே இருந்துச்சு. தனித்தனி கட்டுரையா சிதறிக் கிடந்துச்சு, யாரும் சேர்த்து வச்சு பார்க்கலை. குழந்தை வளர்ப்பு புத்தகம் எல்லாம் குப்புறப் போடுங்கன்னே எழுதிட்டு இருந்துச்சு. பிரிட்டன்ல மல்லாக்கப் படுக்க வைங்கன்னு பெரிய பிரச்சாரம் வந்தது 1991 கடைசில, அதுவும் குழந்தையை பறிகொடுத்த ஒரு டிவி தொகுப்பாளர் முன்னால நின்னு சண்டை போட்டதுக்கு அப்புறம். அப்படியே சரசரன்னு சாவு குறைஞ்சுது. 2005-ல உக்காந்து கணக்குப் போட்டவங்க, 1970-லயே தரவை ஒண்ணா சேர்த்துப் பார்த்திருந்தா பிரிட்டன்ல மட்டும் 10,000 குழந்தைகளுக்கு மேல பிழைச்சிருக்கும்னு சொன்னாங்க. இதுல எந்த கம்பெனியும் தடுக்கலை, எந்த அரசியல்வாதியும் குறுக்க நிக்கலை. "என் வேலை கட்டுரையோட முடிஞ்சுது"ன்னு ஆளாளுக்கு வீட்டுக்கு போனாங்க, அவ்வளவுதான்.

மூச்சுமணி, நான் பதினஞ்சு வருஷமா பிரச்சார வேலைதான் பண்றேன். ரிப்போர்ட் அனுப்புறது தபால்காரர் வேலை.

நைட்டூட்டி:
குழந்தைகள் வார்டு நர்ஸ் நான். சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு வர்ற இளைப்பு கேஸ் எனக்குத் தெரியும். ஆனா எங்க கேஸ் ஷீட்ல "பள்ளி எங்க இருக்கு"ன்னு ஒரு கட்டமே கிடையாது. சொல்லணும்னு தோணுச்சு.

குழப்பவாதி:
எனக்கு ஒண்ணு புரியல. அந்தக் காலத்துல லண்டன்ல ஜான் ஸ்னோன்னு ஒரு டாக்டர், காலராவுல யார் யார் எங்க செத்தாங்கன்னு வரைபடம் போட்டார், அவங்க தண்ணி எடுத்த தெரு பம்ப் கைப்பிடியை கழட்டினார், காலரா நின்னுச்சு. இப்ப ஏன் இவ்வளவு சிக்கல்?

பழையகோப்பு:
தம்பி, அந்தக் கதையை எங்களுக்கும் பயிற்சியில அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க. நான் முப்பது வருஷத்துக்கு மேல அரசு அலுவலகத்துல கோப்பு பார்த்தவன், ஓய்வு பெற்றுட்டேன், அதனால இந்தக் கதைல எனக்கு தனி ஆர்வம்.

1854 செப்டம்பர்ல கைப்பிடியைக் கழட்டினது உண்மை. ஆனா அதுக்குள்ள ஜனங்க நிறையப் பேர் அந்தப் பகுதியை விட்டு ஓடிட்டாங்க, நோய் ஏற்கெனவே இறங்க ஆரம்பிச்சிருச்சு, அதை ஸ்னோவே ஒத்துகிட்டார். அப்புறம் கைப்பிடியை திரும்ப மாட்டிட்டாங்க. தண்ணியால காலரா பரவுதுங்கிறதை அரசாங்கத்தோட சுகாதார வாரியம் ஏத்துக்கலை. ஸ்னோ 1858 ஜூன்ல இறந்துபோனார், தன்னோட கருத்து ஜெயிச்சதைப் பார்க்காமலே.

வேடிக்கை என்னன்னா அதே 1858 கோடையில வெயில் தாங்காம தேம்ஸ் ஆத்துல கழிவு நாறுச்சு, அந்த நாத்தம் ஆத்தங்கரையில இருந்த நாடாளுமன்றத்துக்குள்ளயே ஏறுச்சு. சன்னல் திரையை எல்லாம் பிளீச்சிங் பவுடர் கரைசல்ல நனைச்சுத் தொங்கவிட்டு உக்காந்திருந்தாங்க. பதினெட்டே நாள்ல சட்டம் போட்டு பாதாள சாக்கடைக்கு பணம் ஒதுக்கினாங்க. அதைக் கட்டினவர் பேசல்ஜெட்னு ஒரு இன்ஜினியர். காலராவை லண்டன்ல இருந்து துரத்தினது அந்தச் சாக்கடைதான். 1866-ல கடைசியா வந்தப்பகூட, வேலை முடியாம கிடந்த கிழக்குப் பக்கத்துலதான் வந்துச்சு.

ஆக, சரியான ஆய்வு கையில இருந்தும் கோப்பு நகரலை. நாத்தத்தாலதான் நோய் வருதுங்கிற தப்பான நம்பிக்கை வச்சிருந்தவங்க, தங்க மூக்குல ஏறினதும் சரியான வேலையைப் பண்ணிட்டாங்க. என் சர்வீஸ்ல இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்.

வெட்டிப்பேச்சு:
அப்ப மூச்சுமணி செய்ய வேண்டியது ஒண்ணுதான். பள்ளி வேன் பத்தை அமைச்சர் ரூம் சன்னலுக்கு கீழ நிறுத்தி எஞ்சினை ஓட விடணும் 😂

பழையகோப்பு:
சிரிக்காதீங்க, நல்ல யோசனைதான்.

அம்மா மூச்சுமணி, உங்ககிட்ட ரெண்டு கேள்வி. அந்த 46 பக்கத்துல, "நீங்க இந்த உத்தரவை போடுங்க"ன்னு எத்தனையாவது பக்கத்துல எழுதியிருக்கீங்க? அதுல கையெழுத்து போட வேண்டியவர் யாரு?

மூச்சுமணி:
ஐயா, 44-ம் பக்கம். "சம்பந்தப்பட்ட அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து உரிய நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைக்கப்படுகிறது." இப்ப திரும்ப படிக்கிறப்ப எனக்கே வெக்கமா இருக்கு. ரெண்டாவது கேள்விக்கு... சுகாதாரச் செயலர்னு நினைச்சேன்.

பழையகோப்பு:
நினைச்சீங்க. சரி, அதை அப்புறம் பார்ப்போம்.

எலுமிச்சை கதை ஒண்ணு சொல்றேன், உங்களுக்கு ஆறுதலா இருக்கும். ஜேம்ஸ் லிண்ட்னு ஒரு கப்பல் டாக்டர், 1747-ல 12 மாலுமிகளை ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு ஆறு விதமான மருந்து குடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ன ரெண்டு பேர் மட்டும் ஸ்கர்விங்கிற சத்துக்குறைவு நோய்ல இருந்து எழுந்து உக்காந்தாங்க. 1753-ல புத்தகம் போட்டார், 400 பக்கத்துக்கு மேல. அதுல இந்தச் சோதனை சில பத்திதான், நடுவுல எங்கயோ புதைஞ்சு கிடக்கு. போதாக்குறைக்கு, சாறை காய்ச்சி குறுக்கி பாட்டில்ல அடைச்சு கொண்டு போங்கன்னு யோசனை வேற சொன்னார். காய்ச்சினா சத்து போயிடும், அது அவருக்குத் தெரியாது. அப்படி கொண்டு போனவங்களுக்கு பலனே இல்லை, எலுமிச்சை மேலயே சந்தேகம் வந்துருச்சு. கடற்படை முறையா எலுமிச்சைச் சாறு குடுக்க ஆரம்பிச்சது 1795-ல. அதை முடிச்சுக் கொடுத்தவர் கில்பர்ட் பிளேன். அவருக்கு தளபதிகளோட பழக்கம், கடைசில முடிவெடுக்கிற குழுவுக்குள்ளயே போய் உக்காந்துட்டார்.

48 வருஷம்மா. நீங்க எட்டு மாசத்துக்கு அழறீங்க.

செய்திவால்:
நான் பத்திரிகைப் பக்கம். ஒரு வாசகனா சொல்றேன், உங்க முதல் பதிவுல எனக்கு மனசுல நின்னது நுரையீரல் இல்லை, "அதே வாசல் வழியாதான் தினமும் போறேன்"ங்கிற வரிதான். அது உங்க 46 பக்கத்துல இருக்கா? இருக்காது.

மெக்சிகோவுல இனிப்பு பானத்துக்கு வரி போடச் சொல்லி பிரச்சாரம் பண்ணவங்க, நீரிழிவு எத்தனை சதவீதம்னு போஸ்டர் அடிக்கலை. ஒரு குளிர்பான பாட்டில், பக்கத்துல 12 ஸ்பூன் சர்க்கரை, "இதை அள்ளித் தின்பீங்களா? அப்ப ஏன் குடிக்கிறீங்க?"ன்னு கேட்டு மெட்ரோ ரயில் நிலையத்துல ஒட்டினாங்க. குளிர்பானம் அவ்வளவு குடிக்கிற நாடு அது. 2014 ஜனவரியில லிட்டருக்கு ஒரு பெசோ வரி வந்துச்சு, அந்த வருஷம் சராசரியா 6 சதவீதம் விற்பனை குறைஞ்சுது, டிசம்பர்ல 12 சதவீதம்.

உங்க 12 ஸ்பூன் எதுன்னு தேடுங்க. "மைக்ரோகிராம் பெர் கன மீட்டர்"னு ஆரம்பிச்சா என் எடிட்டர் அந்த பக்கத்தை புரட்டிருவார்.

எண்பிரியன்:
இப்படித்தான் ஆரம்பிக்கும். ஸ்பூன், போஸ்டர், அப்புறம் "இந்த வாசலில் நிற்கும் குழந்தை சாகும்"னு ஒரு தலைப்பு. 1998-ல பிரிட்டன் டாக்டர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் பிரஸ் மீட் வச்சுதான் தட்டம்மை தடுப்பூசியால ஆட்டிசம் வருமோங்கிற சந்தேகத்தை கிளப்பினார். 12 குழந்தைங்க, அவ்வளவுதான் அவர் ஆய்வு. ஜர்னல் அதை வாபஸ் வாங்க 2010 ஆச்சு, அதுக்குள்ள எத்தனை பேர் ஊசி போடாம விட்டாங்க. ஆய்வை மேடையேத்துறது எப்பவும் நல்லதுக்குன்னு பேசாதீங்க.

செய்திவால்:
ஒத்துக்கிறேன், ஆனா இன்னொரு பிரஸ் மீட்டும் இருக்கு. அமெரிக்காவுல ஃபிளின்ட் நகரம். 2014 ஏப்ரல்ல செலவைக் குறைக்க குடிதண்ணி எடுக்கிற இடத்தை ஆத்துக்கு மாத்தினாங்க, குழாய் அரிக்காம இருக்க போடுற மருந்தைப் போடலை, பழைய குழாய்ல இருந்து ஈயம் கரைஞ்சு வந்துச்சு. மோனா ஹன்னா-அட்டிஷாங்கிற குழந்தை டாக்டர் தன் ஆஸ்பத்திரியில ஏற்கெனவே எடுத்து வச்சிருந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளை எடுத்துப் பார்த்தாங்க, தண்ணி மாறினதுக்கு முன்னாடி 2.4 சதவீத குழந்தைகளுக்கு ஈயம் அதிகம், அப்புறம் 4.9. ஜர்னல்ல வர்ற வரைக்கும் காத்திருக்கல. 2015 செப்டம்பர் 24 அன்னிக்கு மைக் முன்னாடி நின்னுட்டாங்க. மாநில அரசு அன்னிக்கே அவங்க எண்ணு தப்புன்னு சொல்லுச்சு. ஒரு வாரத்துல அதே அரசு சரிதான்னு ஒத்துகிட்டு, அக்டோபர்ல தண்ணியை பழைய இடத்துக்கே மாத்துச்சு. குழந்தைங்க ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணியைக் குடிச்சுட்டு இருக்கிறப்ப ஜர்னலுக்காக மாசக்கணக்குல எப்படிங்க காத்திருக்கிறது?

எண்பிரியன்:
நல்ல உதாரணம்தான், மறுக்கலை. ஆனா வித்தியாசத்தை கவனிங்க. அவங்ககிட்ட நகரத்துக் குழந்தைகளோட பரிசோதனை ஆயிரத்துக்கு மேல இருந்துச்சு, மார்க் எட்வர்ட்ஸ்ங்கிற பேராசிரியரோட குழு தனியா தண்ணியை அளந்து அதே முடிவுக்கு வந்திருந்தாங்க. ரெண்டு பக்கத்துல இருந்தும் ஒரே பதில். அதனாலதான் ஒரு வாரத்துல நின்னு ஜெயிச்சாங்க. பிரஸ் மீட்டால இல்லை.

அடி விழும்னு தெரிஞ்சே தயாரா போங்கன்னு வேணா சொல்றேன். உங்க தலைப்புக்கே மூதாதை ஒரு ஆய்வு இருக்கு, ஆறு நகரங்கள் ஆய்வுன்னு சொல்லுவாங்க, ஹார்வர்ட் பண்ணது, 1993-ல வந்துச்சு. 8,111 பேரை 14-ல இருந்து 16 வருஷம் பின்தொடர்ந்தாங்க, காத்து ரொம்ப அழுக்கான நகரத்துல சுத்தமான நகரத்தை விட சாவு விகிதம் 26 சதவீதம் அதிகம். இதை வச்சு 1997-ல அமெரிக்கா முதல் தடவையா பி.எம் 2.5-ங்கிற நுண்துகளுக்கு வரம்பு கொண்டு வந்துச்சு. தொழில்துறை சும்மா விடுமா, மூலத் தரவை எடு வெளியன்னு நின்னாங்க. அதுல இருக்கிறதெல்லாம் தனி ஆளோட உடல்நலத் தகவல், வெளிய விட முடியாது. என்ன பண்ணாங்கன்னா, பாதிப் பணம் அரசும் பாதிப் பணம் வாகனக் கம்பெனிகளும் போடுற ஒரு பொது ஆராய்ச்சி நிறுவனத்துகிட்ட முழுத் தரவையும் குடுத்து நீங்களே முதல்ல இருந்து கணக்குப் போடுங்கன்னாங்க. 2000-ல முடிவு வந்துச்சு, அதே முடிவு. அதுக்கு அப்புறம் தரவு சரியில்லைங்கிற வாதம் எடுபடலை.

இதைப் பண்ணவங்க யாரும் போஸ்டர் ஒட்டலை. என்னைக் கேட்டா இதுதான் பெரிய அட்வகசி, அதாவது மாற்றத்துக்காக வாதாடுறது.

தெருவிளக்கு:
அண்ணே, கடைசில நீங்களே அட்வகசின்னு சொல்லிட்டீங்க பாருங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிறேன் 😄

எண்பிரியன்:
எடுத்துக்கோங்க.

மூச்சுமணி:
உண்மையைச் சொல்லணும்னா எனக்குள்ள பயமும் இருக்கு. எனக்கு நிரந்தர வேலை கிடையாது. பெரிய ஆளுங்களை சீண்டினா என்ன ஆகும்னு.

எண்பிரியன்:
ஆகலாம். ஹெர்பர்ட் நீடில்மன்னு ஒரு அமெரிக்க டாக்டர், குழந்தைகளோட விழுந்த பால் பல்லை சேர்த்து அதுல ஈயத்தை அளந்து, ஈயம் கூடினா படிப்பும் கவனமும் குறையுதுன்னு 1979-ல காட்டினார். 1991-ல அவர் மேல ஆய்வு மோசடின்னு புகார் குடுத்தாங்க, வருஷக்கணக்கா விசாரணை, கடைசில மோசடி இல்லைன்னு வந்துச்சு. புகார் குடுத்த ரெண்டு பேருமே ஈயத் தொழில் பக்கம் சாட்சி சொன்னவங்க. அவர் தரவை ஒழுங்கா வச்சிருந்ததாலதான் தப்பிச்சார். உங்க நோட்டுப் புத்தகம், கருவி அளவீட்டுப் பதிவு, ஒப்புதல் படிவம் எல்லாம் இன்னிக்கே ஒழுங்கா அடுக்கி வைங்க. இதைத் தவிர வேற தைரியம் என்கிட்ட சொல்ல இல்லை.

தெருவிளக்கு:
தனியா போகாதீங்க, அதுதான் என் பதில். உங்க பேர்ல ஒரு கடிதம் போனா அது "ஒரு பொண்ணோட கருத்து". குழந்தை டாக்டர் சங்கம், பெற்றோர் சங்கம், ஆசிரியர்கள் மூணு பேரும் கையெழுத்து போட்ட கடிதத்துல உங்க ஆய்வு இணைப்பா போனா, அடி விழுந்தாலும் பிரிச்சு விழும்.

இன்னொண்ணு, எதிர்க்கிறவன் என்ன சொல்லுவான்னு முன்னாடியே அளந்துட்டுப் போங்க. இலங்கையில அதிக விஷமுள்ள பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொண்ணா தடை பண்ணாங்க, 1984, 1995, 1998, அப்புறம் 2008-ல இருந்து 2011 வரைக்கும். தற்கொலைச் சாவு 1995-ல இருந்த உச்சத்துல இருந்து கிட்டத்தட்ட 70 சதவீதம் இறங்குச்சு. 2015 வரைக்கும் சுமார் 93,000 உயிர் தப்பிச்சிருக்கும்னு கணக்கு. ஆனா எனக்குப் பிடிச்சது அந்த எண்ணு இல்லை. தடை பண்ணா விளைச்சல் படுத்துரும்னு ஒரு வாதம் வரும்ல, ஆய்வு பண்ணவங்க நெல்லு காய்கறி விளைச்சலையும் சேர்த்து எடுத்துப் பார்த்தாங்க, தடையால விழவே இல்லை. டாக்டருங்க உயிர் பக்கத்தை மட்டும் பேசியிருந்தா விவசாயத் துறை காதுல ஏறியிருக்காது. அவங்க பயப்படுறது விளைச்சலுக்கு, அதனால விளைச்சலையே அளந்தாங்க.

உங்க விஷயத்துல "விளைச்சல்" எதுன்னு யோசிங்க. ட்ராஃபிக் ஜாமா?

நைட்டூட்டி:
ஒரு வேண்டுகோள். கதை வேணும்னு சொல்லி உங்க ஆய்வுல இருக்கிற ஏதாவது ஒரு குழந்தையை எடுத்து பேப்பர்ல போட்டுராதீங்க. அவங்க ஒப்புதல் குடுத்தது ஊதிப் பார்க்க மட்டும்தான்.

லண்டன்ல எலா அடூ-கிஸ்ஸி-டெப்ராங்கிற பொண்ணு, பெரிய ரோடு ஓரமா வீடு, இளைப்பால 30 தடவைக்கு கிட்ட ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க, 2013-ல 9 வயசுல இறந்துட்டா. அவ அம்மா ரோசமண்ட் விடலை. முதல் விசாரணையில காத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஒரு பேராசிரியர் பழைய ஆஸ்பத்திரி பதிவையும் பக்கத்துல இருந்த காத்து அளவுக் கருவியோட பதிவையும் சேர்த்து வச்சுப் பார்த்தார், அதை வச்சு முதல் தீர்ப்பை ரத்து பண்ண வச்சாங்க, 2020 டிசம்பர்ல இறப்புக்கு காத்து மாசும் ஒரு காரணம்னு தீர்ப்பு வந்துச்சு. பிரிட்டன்ல அப்படி வந்தது அதுதான் முதல் தடவை. பேரை வெளிய சொன்னது அம்மா. ஆராய்ச்சியாளர் அவங்க கேட்டப்ப தரவோட வந்து நின்னார். அந்த வரிசை மாறக் கூடாதுன்னு நினைக்கிறேன். வார்டுல அம்மாக்களைப் பார்க்கிறவ நான்.

மூச்சுமணி:
இதை எழுதினதுக்கு நன்றி அக்கா. நான் நிஜமாவே ஒரு பையன் கதையை எடுக்கலாம்னு யோசிச்சுட்டு இருந்தேன். விட்டுட்டேன்.

ரெண்டு வாரம் எடுத்துகிட்டு ஒரு பக்கத்துக்கு சுருக்கிட்டேன். தொடக்கம் இதான்: "பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் வாகனங்களின் எஞ்சின் அணைக்கப்பட வேண்டும் என்று மாநில அளவில் சட்டம் இயற்ற வேண்டும். வாசலில் உள்ள காற்று, அதே பள்ளியின் பின்பக்கக் காற்றைவிடத் தெளிவாக மோசம்." கிழிங்க.

பழையகோப்பு:
மேலே மனு, கீழே காரணம். வரிசை சரி. ஆனா சட்டம் ஏன் கேக்குறீங்க? சட்டம்னா அமைச்சரவை, சட்டத்துறை, நிதித்துறை, மூணு வருஷம். இப்ப இருக்கிற விதியிலயே வண்டி எங்க நிக்கணும் எங்க நிக்கக் கூடாதுன்னு உத்தரவு போடுற அதிகாரம் யாருக்கோ இருக்கும். அது யாருன்னு கண்டுபிடிங்க, அவர்கிட்ட ஐந்து பள்ளிக்கு மூணு மாசச் சோதனை உத்தரவு கேளுங்க. பிடிக்கலைன்னா வாபஸ் வாங்கிக்கலாம்னு வழி இருக்கிற காகிதத்துலதான் அதிகாரி தைரியமா கையெழுத்து போடுவார். நானும் அப்படித்தான் போட்டேன்.

செய்திவால்:
நாளும் பாருங்க. புகைபிடிக்கிறதைப் பத்தி அமெரிக்க அரசோட தலைமை மருத்துவர் லூதர் டெர்ரி அறிக்கையை வெளியிட்டது 1964 ஜனவரி 11, சனிக்கிழமை. பங்குச் சந்தை மூடியிருக்கும், ஞாயித்துக்கிழமை பேப்பர் தடிமனா வரும். ரெண்டையும் கணக்குப் பண்ணித்தான் அந்த நாளை எடுத்தாங்க. நீங்க பள்ளி திறக்கிற வாரத்தை விட்டுராதீங்க.

மூச்சுமணி:
அப்டேட். பழையகோப்பு ஐயா கேட்ட ரெண்டாவது கேள்விக்கு இப்பதான் பதில் தெரிஞ்சுது. வாசல்ல வண்டி நிக்கிறது சுகாதாரத் துறை கையிலயே இல்லை. போக்குவரத்துக் காவல் பக்கம். எட்டு மாசமா நான் தப்பான கதவைத் தட்டிட்டு இருந்திருக்கேன், அந்தக் கதவுல இருந்தவங்க பாவம், அவங்களும் "கிடைக்கப்பெற்றது"ன்னு சொல்றதைத் தவிர என்ன பண்ணுவாங்க.

அங்க போனோம், குழந்தை டாக்டர் ஒருத்தர், பெற்றோர் சங்கத்துல இருந்து ரெண்டு பேர், நான். பத்து நிமிஷம் குடுத்தாங்க. அந்த அதிகாரி ஒரு பக்கத்தையும் முழுசா படிச்சார். காத்தைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கலை. கேட்டது ஒண்ணுதான்: "வேன் டிரைவருங்க ஏன் எஞ்சினை அணைக்க மாட்டேங்கிறாங்க?" நாங்க நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துகிட்டோம். ரெண்டு வருஷ ஆய்வுல நான் அவங்ககிட்ட பேசவே இல்லை. எண்ணிக்கையா எழுதியிருக்கேன், வாகனம் இத்தனைன்னு.

எண்பிரியன்:
உங்க கேள்வித்தாளை நான் பார்த்திருந்தாலும் இதைப் பிடிச்சிருக்க மாட்டேன். வாகனம்னு ஒரு பத்தி இருக்கும், அது போதும்னு விட்டிருப்பேன்.

ஸ்டியரிங்பாண்டி:
என் பொண்ணு இந்த இழையைக் காட்டினா, அதான் கணக்கு தொடங்கி எழுதறேன். நான் பள்ளி வேன் ஓட்டறேன், பதினோரு வருஷம். யாரும் கேக்கலைன்னு சொன்னீங்கல்ல, நானே சொல்லிடறேன். எஞ்சினை அணைக்கக் கூடாதுன்னு எங்களுக்கு ஒண்ணும் வேண்டுதல் இல்லை, டீசல் எங்க காசு. நிக்கறதுக்கு இடமே கிடையாது. வாசல்ல வரிசை ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு வண்டி நீளம் நகரும், நகரலைன்னா பின்னாடி ஹாரன், டிராஃபிக்காரர் வந்து எடு எடுன்னு தட்டுவார், என் வண்டி பழசு, பேட்டரி ஒரு நாள் இழுக்கும் ஒரு நாள் இழுக்காது, அணைச்சு அது கிளம்பலைன்னா மொத்த ரோடும் என்னைத்தான் திட்டும். சின்னப் பிள்ளைங்க முதல்ல விடுவாங்க, பெருசுங்க இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சு, அதுவரைக்கும் சின்னதுங்க வண்டிக்குள்ள. அந்தப் புகையை நானும்தான் குடிக்கிறேன், ராத்திரி இருமல் எனக்கும் இருக்கு. அணைக்கலைன்னா அபராதம்னு போட்டீங்கன்னா அபராதம் கட்டுவோம், வண்டி ஓடிட்டுதான் இருக்கும்.

பழையகோப்பு:
இதுதான்மா உங்க மனு. எஞ்சினை விடுங்க. நிக்க இடமும் விடுற நேரமும் கேளுங்க.

தெருவிளக்கு:
விளைச்சல் எதுன்னு நான் கேட்டதுக்கு பதில் இவர்கிட்ட இருந்திருக்கு.

மூச்சுமணி:
முதல் பாதியை முழுசா அழிச்சுட்டேன். இப்ப இப்படி இருக்கு: "ஐந்து பள்ளிகளில் மூன்று மாதத்துக்கு, வாசலில் இருந்து தள்ளி வேன்கள் அணைத்து நிற்க ஓர் இடம் ஒதுக்க வேண்டும். ஒரே வேனில் போகும் சிறு வகுப்பு, பெரிய வகுப்புப் பிள்ளைகளை ஒரே நேரத்தில் விட வேண்டும்." ரெண்டாவது பள்ளிக்கல்வித் துறைகிட்ட கேக்கணும், அதனால ரெண்டு காகிதமா பிரிச்சிருக்கேன். சோதனைக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே கருவியை வச்சு அளப்போம், கூடவே வாசல்ல நெரிசல் எவ்வளவு நேரம் நிக்குதுன்னும் எடுப்போம். எண்பிரியன் சார், ஐந்து பள்ளி போதுமான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்வீங்களா?

எண்பிரியன்:
ஐந்து பத்தாது, ஆனா சோதனை இல்லாத ஐந்து பள்ளியையும் சேர்த்து அளந்தா ஏதோ சொல்லலாம். தரவு படிவத்தை அனுப்புங்க. ஓட்டுநர்களுக்கும் ஊதிப் பார்க்கிற சோதனை எடுங்க, அவங்க ஒப்புதலோட.

மூச்சுமணி:
கண்டிப்பா. பாண்டி அண்ணா, அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை. நீங்க எங்ககூட வந்து இங்க எழுதினதை அப்படியே அந்த அதிகாரிகிட்ட சொல்வீங்களா? நான் சொன்னா அது ஆய்வு மாதிரி கேக்கும்.

ஸ்டியரிங்பாண்டி:
வர்றேன் பாப்பா. ஆனா காலைல ட்ரிப் முடிச்சு ஒன்பதரைக்கு மேலதான் வர முடியும், மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள விட்டுறணும். அங்க வேன் நிறுத்த இடம் இருக்குமா?